முக்கோணத்துக்கு ஐந்து கட்டம்

குறுக்கெழுத்துப் புதிர் வருடக்கணக்கில் பழகிய பிறகும் வடிவங்களைக் கேட்கும் குறிப்புகள் என்னைப் படுத்துகின்றன. 'மூன்று பக்கம் உடையது', ஐந்து கட்டம். முக்கோணமா, திரிகோணமா? இரண்டுக்கும் ஐந்தே எழுத்து, கடைசி மூன்றும் ஒன்றே. ஐங்கோணம், அறுகோணம், எண்கோணம், பலகோணம் எல்லாம் இதே அச்சு. 'கோணம்' விழும் இடத்தில் எத்தனை சொல் குறுக்கே வந்தாலும் பயனில்லை, முதல் இரண்டு கட்டத்தில் ஒன்றாவது கிடைக்க வேண்டும். செவ்வகமும் சரிவகமும்கூட அப்படித்தான், 'வகம்' வரை வந்து நின்றுவிடலாம். சாய்சதுரத்துக்கு ஆறு கட்டம், நிம்மதி.

எனக்குப் பிடித்தது 'ஊராகிய கோணம்' வகைக் குறிப்புகள். ஆறு கட்டம் என்றதும் பலர் கும்பகோணம் எழுதிவிடுவார்கள். சேலத்திலிருந்து சென்னைக்கு ரயிலில் போய் வருகிற எங்களுக்கு அரக்கோணமும் உடனே நினைவு வரும். அதற்கும் ஆறுதான்!

சட்டகமே வேறு வடிவில் இருக்கும் புதிர்களும் உண்டு. 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்டு நாளிதழில் ஆர்தர் வின் வெளியிட்ட முதல் குறுக்கெழுத்தே சாய்சதுரமாகத்தான் இருந்தது. நான் அதிகம் போடுவது சொல் முக்கோணம்: உச்சியில் ஓரெழுத்து, வரிக்கு ஓர் எழுத்து கூடும். பா, பாடு, பாட்டு, பாராட்டு. ஆங்கிலத்தில் உச்சிக்கு ஏ, ஐ போல ஓரிரண்டுதான் தேறும். நம்மிடம் நன்னூல் கணக்குப்படி ஓரெழுத்து ஒருமொழி 42. ஆரம்பம் சுலபம், ஐந்தாவது வரியில்தான் திணறல். புள்ளி எழுத்துக்கும் தனிக் கட்டம் என்பதால் 'பாடு' ஒரு 'ட்' வாங்கிக்கொண்டு 'பாட்டு' ஆகிவிடுகிறது, அந்த வசதியை மறக்க வேண்டாம்.

செல்போன் செயலி ஒன்றைச் சில மாதம் வைத்திருந்தேன். அது எழுத்தை எண்ணாமல் யூனிகோட் குறிகளை எண்ணியது. 'கோ'வில் ககரம் ஒன்று, ஓகாரக் குறி ஒன்று. புள்ளியும் தனிக் கணக்கு. முக்கோணத்துக்கு ஒன்பது கட்டம் கேட்டது. அப்புறம் அழித்துவிட்டேன். இப்போது கட்டம் போட்ட கணக்கு நோட்டும் பென்சிலும்தான். ஏற்காடு பஸ்ஸில் மட்டும் வெளியே எடுப்பதில்லை, 20 கொண்டை ஊசி வளைவில் எந்தக் கட்டமும் நேராக நிற்காது.