வெள்ள வரைபடத்துக்கு வெப்ஓடிஎம்: படம் பிரமாதம், உயரம்தான் தலைவலி

ட்ரோன் போட்டோக்களை ஒட்டி வரைபடமும் உயர மாடலும் எடுக்க வெப்ஓடிஎம் (WebODM) என்ற மென்பொருள் போதுமா என்று கடலூர், புதுச்சேரிப் பக்கம் சர்வே வேலையில் இருப்பவர்களும் சிவில் மாணவர்களும் கேட்பதுண்டு. டாக்கர் (மென்பொருளைத் தனிப் பெட்டிபோல ஓட்டும் கருவி) வழியாகப் போட்டால் காசு கிடையாது. புயல் சேதக் கணக்கெடுப்புக்கும் கடல் அரிப்பை ஒப்பிட்டுப் பார்க்கவும் தாராளமாகப் போதும். ஆனால் வெள்ளம் எந்தத் தெரு வரை ஏறும் என்று சொல்ல, இயல்பு செட்டிங்கில் ஓட்டி எடுத்த மாடலை நம்பக் கூடாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் மழையோடு சாத்தனூர் அணைத் தண்ணீரும் தென்பெண்ணையில் இறங்கியதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: இங்கே நிலம் அவ்வளவு தட்டை. உயரத்தில் அரை மீட்டர் பிசகினால் வரைபடத்தில் ஒரு நகரே மூழ்கும், இல்லாவிட்டால் காய்ந்து கிடக்கும்.

முதலில் ரேம். 16 ஜிபிக்கு 250 படம், 32-க்கு 500, 64-க்கு 1,500 என்பது இந்த மென்பொருளின் ஆவணம் தரும் கணக்கு. ஒரு அங்குல சென்சார், 20 மெகாபிக்சல் கேமராவை 80 மீட்டரில் பறக்கவிட்டால் ஒரு பிக்சல் தரையில் 2.2 செ.மீ. படங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் ஓவர்லேப் முன்பின் 80, பக்கவாட்டில் 70 சதவீதம் வைத்தால் 250 படத்தில் அடங்குவது சுமார் 35 ஏக்கர். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,700 படத்தைத் தாண்டும். விண்டோஸில் டாக்கர் ஓடும் டபிள்யூஎஸ்எல் 2 (உள்ளே லினக்ஸை ஓட்டும் வசதி) இயல்பாக ரேமில் பாதியைத்தான் எடுத்துக்கொள்ளும். 16 ஜிபி லேப்டாப்பில் கையில் நிற்பது 8 ஜிபி. டாஸ்க் பாதியில் நின்று 137 என்று காட்டினால் நினைவகம் தீர்ந்தது என்று அர்த்தம். ஸ்ப்ளிட் போட்டுத் துண்டாக ஓட்டலாம், ஆனால் ஒவ்வொரு துண்டிலும் மூன்று தரைப்புள்ளியாவது (தரையில் குறியிட்டு இடமும் உயரமும் அளந்த புள்ளி) விழ வேண்டும்.

தரைப்புள்ளிதான் உயிர். 60 செ.மீ. சதுரத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்த ஃப்ளெக்ஸ் போதும். 80 மீட்டரிலிருந்து 27 பிக்சலாகத் தெரியும். சதுர கிலோமீட்டருக்கு எட்டு முதல் பத்து, ஓரங்களிலும் நடுவிலும். அதுபோக நாலைந்தைக் கணக்கில் சேர்க்காமல் சோதனைக்கு மட்டும் வையுங்கள். கேமரா நேர் கீழே பார்த்தே எல்லாப் படமும் எடுத்தால், தட்டை நிலத்தில் மாடலின் நடுப்பகுதி மெல்ல மேடு தட்டும். கேமராவைச் சாய்த்துக் குறுக்காக இரண்டு வரிசை எடுத்தால் பெருமளவு அடங்கும்.

தரைப்புள்ளியை அளக்கும் ஆர்டிகே ரோவர் (துல்லியமான ஜிபிஎஸ் கருவி) தேவனாம்பட்டினம் மணலில் மைனஸ் 90 மீட்டர் வாக்கில் உயரம் காட்டினால் கருவியைத் திட்டாதீர்கள். ஜிஎன்எஸ்எஸ் (ஜிபிஎஸ் போன்ற செயற்கைக்கோள் முறை) உயரத்தை அளக்க அடிப்படையாக வைக்கும் நீள்கோளப் பரப்பு, அதாவது பூமியின் கணித வடிவம், இங்கே கடல்மட்டத்துக்கு அவ்வளவு மேலே இருக்கிறது. அந்த எண்ணை அப்படியே தரைப்புள்ளிக் கோப்பில் போட்டுவிட்டு ஆற்று நீர்மட்டத்தோடு ஒப்பிடுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. ஜியாய்டு திருத்தம் செய்து கடல்மட்ட உயரமாக மாற்றி, சர்வே ஆஃப் இந்தியா பெஞ்ச்மார்க் (உயரம் அளந்து பதித்த குறி) ஒன்றோடு கட்டாயம் சரிபாருங்கள். கோப்பின் முதல் வரியில் இந்தப் பகுதியின் ஆயமுறைக் குறியீடான EPSG:32644; அடுத்த வரிகளில் கிழக்கு முதலில், வடக்கு பிறகு.

அடுத்தது டிடிஎம், அதாவது வீடு, மரம் நீக்கிய தரை. வெப்ஓடிஎம்மின் பெரிய பலவீனம் இதில்தான். தரையைப் பிரித்தெடுக்கும் வடிகட்டியான எஸ்எம்ஆர்எஃப்பின் விண்டோ அளவு இயல்பாக 18 மீட்டர். சிப்காட் ஷெட்டுகள் அதைவிட அகலம், ஆகவே கூரையையே தரை என்று எடுத்துக்கொள்ளும். 40-க்கு ஏற்றினால் ஷெட் போய்விடும். கூடவே கெடிலம் ஆற்றின் கரையும் போய்விடும்! தண்ணீரைத் தடுக்கும் கரை இல்லாத வரைபடத்தால் யாருக்கு என்ன பயன்?  எதையும் நீக்காத மேற்பரப்பு மாடலான டிஎஸ்எம்மில் கரையின் உச்சியைக் கோடாக வரைந்து, அந்த உயரத்தை டிடிஎம்மில் பதித்துவிடுங்கள். சாலைக்கு இதற்கு நேரெதிர் வேலை: கல்வர்ட் (சாலைக்கு அடியில் தண்ணீர் போகும் சிறுபாலம்) இருக்கும் இடத்தில் சாலையை வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் மாடலில் அது அணையாக நிற்கும்.

அதற்குப் பிறகு க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள். ராஸ்டர் கால்குலேட்டரில் ‘3 மீட்டருக்குக் கீழ்’ என்று கேட்டால் கரைக்கு ஊர்ப்பக்கம் பத்திரமாக இருக்கும் பள்ளத்தையும் நீலமாக்கும். அதற்குப் பதில், கிராஸ் (GRASS) தொகுப்பின் கருவியான ஆர்.லேக்கில் (r.lake) ஆற்றுக்குள் ஒரு புள்ளி, ஒரு நீர்மட்டம் கொடுங்கள். அந்தப் புள்ளியோடு தொடர்புள்ள இடம் மட்டும் நிறையும். தண்ணீரின் வேகமோ வந்து சேரும் நேரமோ இதில் வராது. அது வேண்டுமானால் நீரோட்டத்தைக் கணக்கிடும் மென்பொருளான ஹெக்-ராஸ் (HEC-RAS), அதுவும் இலவசம்.

பறப்பதைப் பற்றிச் சுருக்கமாக: கடற்காற்று ஏறுவதற்குள் காலையிலேயே முடியுங்கள், சவுக்கு அசைந்தால் புள்ளிகள் பொருந்தாது. ட்ரோன் விதிகளின் பசுமை மண்டலத்தில் (முன் அனுமதி கேட்கத் தேவையில்லாத பகுதி) 400 அடி வரை பறக்கலாம். புதுச்சேரி விமான நிலையத்திலிருந்து 8 முதல் 12 கி.மீ. வளையத்தில் 200 அடிதான். 60 மீட்டருக்கு இறங்கினால் படங்கள் ஏறக்குறைய 1.8 மடங்காகும், ரேம் கணக்கையும் மாற்றுங்கள். மண்டலங்களைக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்த பிறகே ட்ரோனை வெளியே எடுங்கள்.

ஆற்று முகத்துவாரத்தில் நீர்ப்பரப்பு கூர்கூராக எழும்பி நிற்கும். படத்தில் விட வேண்டிய பகுதியைக் குறிக்கும் மாஸ்க் கோப்பு கொடுத்து வெட்டிவிடலாம். பிச்சாவரம் சதுப்புக் காட்டுக்கும் பண்ருட்டி முந்திரித் தோப்புக்கும் இந்த வழியே வேண்டாம். கேமராவுக்கு இலைதான் தெரியும், தரை தெரியாது. அங்கே லேசரால் அளக்கும் லைடார் ட்ரோனை வாடகைக்கு எடுங்கள்.