குளோனா, புது இன்ஸ்டாலா? ஹார்டு டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு விண்டோஸை மாற்ற எது தோது

“புதுசா போட்டாத்தான் வேகம்” என்று கடைக்காரர்கள் சொல்வது பாதிதான் உண்மை. ஹார்டு டிஸ்க் இழுப்பதற்குக் காரணம், சுழலும் தட்டில் அதன் ஹெட் ஒவ்வொரு ஃபைலாகத் தேடி அலைவதுதான். எஸ்எஸ்டியில் அந்த அலைச்சலே கிடையாது; குளோன் செய்த, அதாவது பழைய டிஸ்க்கிலிருந்து அப்படியே நகலெடுத்த, விண்டோஸும் பறக்கும். அதனால் வேகத்தை விடுங்கள். பழைய டிஸ்க் எந்த நிலையில் இருக்கிறது, அதில் என்னென்ன மென்பொருள் இருக்கின்றன என்று பார்த்து முடிவெடுங்கள்.

முதல் வேலையாக, டிஸ்க்கின் நலத்தைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் சி5 என்ற வரியைப் பாருங்கள். அது படிக்க முடியாமல் தவிக்கும் செக்டர்களின் (டிஸ்க்கின் சிறு துண்டுகளின்) எண்ணிக்கை. பூஜ்யமாக இல்லாவிட்டால் குளோன் ஆசையை விட்டுவிடலாம்: பாதியில் நின்றுபோகும், அல்லது கெட்ட ஃபைலையும் சேர்த்து நகலெடுக்கும். சொந்த ஃபைல்களை மட்டும் முதலில் காப்பாற்றிக்கொண்டு புதிதாகப் போடுவதே வழி.

டிஸ்க் நலமாக இருந்து, திரும்ப ஆக்டிவேட் செய்யத் தலைவலி தரும் கணக்கு மென்பொருளோ பழைய பிரிண்டரோ இருந்தால் குளோன்தான் லாபம். யுஎஸ்பி 3 கேபிளில் 200 ஜிபி முக்கால் மணி நேரத்தில் முடியலாம்; யுஎஸ்பி 2 போர்ட்டில் செருகினால் இரண்டு மணி நேரம் இழுக்கும்.

சிக்கல் அளவில்தான் தொடங்கும். 1 டிபி டிஸ்க்கிலிருந்து 500 ஜிபி எஸ்எஸ்டிக்குப் போகிறீர்கள் என்றால், அந்த எஸ்எஸ்டி விண்டோஸில் 465 ஜிபி என்றுதான் தெரியும். குளோன் மென்பொருளான குளோனாசில்லா சாதாரணமாகச் சிறிய டிஸ்க்குக்கு நகலெடுக்காது. சாம்சங்கின் டேட்டா மைக்ரேஷன் மென்பொருள், போய்ச்சேரும் எஸ்எஸ்டி சாம்சங்காக இருந்தால்தான் வேலை செய்யும். எஸ்எஸ்டியில் அடங்குவதற்காக விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் சி டிரைவைச் சுருக்கப் போனால், 300 ஜிபி காலியாக இருந்தும் சில ஜிபிக்கு மேல் சுருங்காமல் அடம்பிடிக்கும். விண்டோஸ் தனக்காக வைத்திருக்கும், நகர்த்த முடியாத பேஜ்ஃபைலோ ஹைபர்னேஷன் ஃபைலோ ரெஸ்டோர் பாயின்டோ நடுவில் உட்கார்ந்திருக்கும். மூன்றையும் நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து சுருக்குங்கள். குளோன் முடிந்ததும் திரும்ப இயக்கிக்கொள்ளலாம். டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்தால் ரெகவரி கீயைத் தாளில் எழுதிவைத்துவிட்டு முதலில் பிட்லாக்கரை நீக்குங்கள்.

நகல் முடிந்ததும் பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டியோடு மட்டும் முதல் தடவை பூட் செய்யுங்கள். இரண்டும் ஒரே அடையாள எண்ணோடு ஒன்றாக இருந்தால் விண்டோஸ் குழம்பும். எஸ்எஸ்டியிலிருந்து பூட் ஆனது போலத் தெரிந்தாலும் சி டிரைவ் பழையதாகவே இருக்கலாம். மதர்போர்டில் நேரே செருகும் என்விஎம்இ வகை எஸ்எஸ்டியில் நீலத் திரையும் ‘இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்’ செய்தியும் வந்தால் பயப்பட வேண்டாம். அதன் டிரைவர் பூட் நேரத்தில் ஏறவில்லை, அவ்வளவுதான். பெரும்பாலும் ஒருமுறை சேஃப் மோடில் ஏற்றி எடுத்தால் சரியாகும். பழைய டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் முறையில் இருந்தால் கதை வேறு. என்விஎம்இ பொதுவாக யுஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறையில்தான் பூட் ஆகும். விண்டோஸ் 10இன் 2017 பதிப்பிலிருந்து கூடவே வரும் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் ஜிபிடி என்ற புதிய முறைக்கு மாற்றிவிட்டு, பயாஸ் அமைப்பிலும் யுஇஎஃப்ஐக்கு மாறுங்கள்.

புது இன்ஸ்டாலுக்கு 8 ஜிபி பென்டிரைவ் போதும். அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். லைசென்ஸ் கவலை வேண்டாம். டிஜிட்டல் லைசென்ஸ் முக்கியமாக மதர்போர்டைப் பார்ப்பதால், டிஸ்க் மாறினாலும் நெட் கிடைத்ததும் ஆக்டிவேட் ஆகும். விண்டோஸ் ஹோம் பதிப்பு இருந்த இடத்தில் ப்ரோ பதிப்பைப் போட்டால்தான் மாட்டிக்கொள்வீர்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டதால், கணினி 11க்குத் தகுதியானது என்றால் அதையே போட இதுதான் சமயம்.

இங்கும் பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டே தொடங்குங்கள். கூட இருந்தால் இன்ஸ்டாலர் பூட் ஃபைல்களைப் பழைய டிஸ்க்கின் இஎஃப்ஐ பார்ட்டிஷனிலேயே (பூட்டுக்கான தனிப் பகுதி) வைத்துவிடும். பிறகு அதை ஃபார்மட் செய்த அன்றே கணினி எழுந்திருக்காது. 11ஆம் தலைமுறை இன்டெல்லும் அதற்குப் பிந்தையதும் உள்ள லேப்டாப் சிலவற்றில் எஸ்எஸ்டியே பட்டியலில் வராது. தயாரிப்பாளர் தளத்திலுள்ள, இன்டெல்லின் ஆர்எஸ்டி எனும் சேமிப்பக டிரைவரைப் பென்டிரைவில் வைத்து ‘லோட் டிரைவர்’ வழியாக ஏற்றினால் தெரியும்.

பழைய டிஸ்க்கை இரண்டு வாரமாவது அழிக்காமல் வையுங்கள். யூசர்ஸ் ஃபோல்டரை எடுத்தால் எல்லாம் வந்துவிட்டது என்று நினைப்போம். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருப்பதே பழைய வேர்ட் ஃபைலைத் திறந்து, தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகள் குப்பையாக நிற்கும்போதுதான் நினைவுக்கு வரும்.