பேச்சுக் குறைபாடுள்ள பிள்ளைக்கு டாக்டர் தேடுகிறீர்களா? 45,000 கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

கோபம் இன்னும் அடங்கவில்லை. அடங்கட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் இன்னொரு குடும்பம் அங்கே போய்ப் பணம் கட்டியிருக்கும். அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

என் மகனுக்கு மூன்றரை வயது. நாம் சொல்வது எல்லாம் புரியும். செருப்பை எடுத்து வா என்றால் எடுத்து வருவான். ஆனால் பேச்சு மட்டும் வரவில்லை. ஒரே சொல் இப்போது ஒரு மாதிரி வரும், அடுத்த நிமிடம் வேறு மாதிரி வரும். வாயை எப்படி வைப்பது என்று உதடுகள் தேடித் தவிக்கும். முன்பு பார்த்த டாக்டர் “ஆண் பிள்ளைகள் லேட்டாகத்தான் பேசும்” என்றே அனுப்பிக்கொண்டிருந்தார். அதனால்தான் டாக்டர்களைத் தேடித் தரும் ஓர் ஆப்பில் தேடினோம். பேச்சுப் பிரச்சினை உள்ள குழந்தைகளுக்கென்றே நடத்துவதாகப் போட்டிருந்த ஒரு கிளினிக் வந்தது. நட்சத்திரமும் பாராட்டும் குவிந்து கிடந்தன.

முதல் நாள் அந்தக் குழந்தை மருத்துவர் மேசையை விட்டு எழுந்து வந்து தரையில் உட்கார்ந்தார். எங்களிடம் கேட்காமல் நேராக என் மகனிடம் பேசினார். அவன் திணறியதும் நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். “அவனே சொல்லட்டும்மா, நமக்கு என்ன அவசரம்?” என்றார். அவன் ஏதோ ஒரு சத்தம் கொடுக்கும் வரை பொறுமையாகக் காத்திருந்தார். அதுவரை எந்த டாக்டரும் என் பிள்ளைக்காக அப்படிக் காத்திருந்ததில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டேதான் அடுத்ததைச் சொன்னார்: “மூன்றே மாதம். வாக்கியமாகப் பேச வைத்துத் தருகிறேன். என்னை நம்புங்கள்.” டாக்டர் கன்சல்டேஷன், தெரபி, மருந்து எல்லாம் சேர்ந்த பேக்கேஜ், 45,000, முழுவதும் முன்பணம். அன்றே கட்டினோம்.

அதன் பிறகு அந்த டாக்டரை நாங்கள் சரியாகப் பார்க்கவே இல்லை. தெரபி என்ற பெயரில் ஒரு பெண் விசில் ஊத வைத்தார், ஸ்ட்ராவில் உறிஞ்ச வைத்தார், கன்னத்தில் அதிரும் கருவி ஒன்றை வைத்தார். ஒரு சொல்லைக்கூடச் சொல்லிப் பழக்கவில்லை. என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, “டாக்டரே ட்ரெயினிங் கொடுத்தார்” என்றார். மூளை வளர்ச்சிக்கு என்று ஒரு சொட்டு மருந்து வேறு. காது பரிசோதனை வேண்டாமா என்று கேட்டேன். “கூப்பிட்டால் திரும்புகிறானே, காதெல்லாம் நன்றாக இருக்கிறது” என்று முடித்துவிட்டார்கள்.

வேறொரு குழந்தை மருத்துவரிடம் போனபோது அவர் முதலில் கேட்டதே காது ரிப்போர்ட்தான். பரிசோதித்தால் இரண்டு செவிப்பறைக்குப் பின்னாலும் நீர் கோத்திருந்தது. இப்படி இருக்கும் குழந்தை உரக்கக் கூப்பிட்டால் திரும்பும். மெல்லிய ஒலிகள்தான் அதற்கு மங்கிக் கேட்கும். அவரே கடிதம் எழுதித் தகுதியுள்ள ஸ்பீச் தெரபிஸ்டிடம் அனுப்பினார். காதில் நீர் இருப்பது மட்டும் காரணமில்லை, அப்ராக்ஸியாவும் இருக்கலாம் என்கிறார் அந்தத் தெரபிஸ்ட். அப்ராக்ஸியா என்றால் தசையில் பலவீனம் இல்லை. பேச வாயை எந்த வரிசையில் அசைப்பது என்று மூளை திட்டமிடுவதில்தான் சிக்கல். விசில் ஊதினால் விசில்தான் ஊத வரும், பேச்சு வராது. சொற்களையே திரும்பத் திரும்ப, தனியாக உட்கார வைத்து, வாரத்தில் பல முறை பழக்க வேண்டும். இதைக் குணப்படுத்தும் சொட்டு மருந்து என்று ஒன்று கிடையாது. அப்படியானால் அந்த 45,000 எதற்கு?

இதைத்தான் அந்த கிளினிக்கில் போய்க் கேட்டோம். ரிசப்ஷனில் “அக்கவுண்ட்ஸில் கேளுங்கள்” என்றார்கள். அக்கவுண்ட்ஸில் “டாக்டர் கையெழுத்து வேண்டும்” என்றார்கள். டாக்டரோ எப்போது கேட்டாலும் கான்ஃபரன்ஸில் இருந்தார். வாட்ஸ்அப்பில் இரண்டு நீல டிக் விழும், பதில் வராது. கடைசியில் மேனேஜர் என்று ஒருவர் போன் செய்து, “பெற்றோருக்குப் பொறுமை இல்லையென்றால் நாங்கள் என்ன செய்ய முடியும்? பேக்கேஜுக்கு ரீஃபண்ட் கிடையாது” என்றார். பேச முடியாத பிள்ளைக்கு ராத்திரி பகலாகப் பொறுமையாக இருப்பவளிடம் சொல்கிற வார்த்தையா அது? ஆப்பில் புகார் கொடுத்தோம். “நாங்கள் விவரம் மட்டுமே தருகிறோம், சிகிச்சைக்குப் பொறுப்பில்லை” என்று ஒரு வரி வந்தது. நான் எழுதிய விமர்சனம் இன்னும் “பரிசீலனையில்” இருக்கிறது. 45,000 போனதை விட, பிள்ளை அத்தனை காலம் காதில் நீரோடு விசில் ஊதிக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் வயிற்றெரிச்சல்.

விவரமாக ஆலோசனை எழுத நினைத்தேன், நேரமில்லை. சில மட்டும் சொல்கிறேன். இத்தனை மாதத்தில் பேச வைக்கிறேன் என்று வாக்குக் கொடுக்கும் டாக்டரை நம்பாதீர்கள். காது பரிசோதனை இல்லாமல் எதையும் தொடங்க விடாதீர்கள். வேறு தெரபிஸ்டுக்குக் கடிதம் கேட்டால் முகம் சுளிக்கிறாரா, எழுதித் தருகிறாரா என்று பாருங்கள். தெரபிஸ்டின் பட்டத்தையும் பதிவையும் கேட்டுப் பாருங்கள். இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றாலோ, பேசிய சொற்கள் மறைந்துபோனாலோ, “காத்திருங்கள்” என்பவரிடம் காத்திருக்காதீர்கள். பேக்கேஜுக்கு மொத்தமாக முன்பணம் கட்டவே கட்டாதீர்கள்.