‘இது உண்மை’ என்ற பலகை: ஹாரிபிள் ஹிஸ்டரிஸ் தொடருடன் ஏழு ஆண்டுகள்

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது நம்ப முடியாத செய்தி ஒன்றைச் சொன்னால், கேட்பவர் பலகை ஒன்றைத் தூக்கிப் பிடிப்பதுபோல் இரு கைகளையும் உயர்த்துவார். சொன்னவர் அந்தச் செய்தி எங்கிருந்து கிடைத்தது என்று விளக்கியாக வேண்டும். இதைக் கற்றுக்கொடுத்தது ஒரு பொம்மை எலி. பிபிசியின் சிறுவர் அலைவரிசையில் வந்த ஹாரிபிள் ஹிஸ்டரிஸ் தொடரைத் தொகுத்து வழங்கும் அந்தக் கறுப்பெலி, அருவருப்பான அல்லது அபத்தமான காட்சி வரும்போதெல்லாம், ‘சிரிக்காதே, இது உண்மையாகவே நடந்தது’ என்ற பொருளில் ஒரு பலகையுடன் தலைகாட்டும். 2018இல், மகனுக்கு எட்டு வயதும் மகளுக்கு ஐந்து வயதும் இருந்தபோது, இங்கிலாந்துக்குக் குடிவந்த புதிதில் தற்செயலாக இந்தத் தொடரைப் போட்டோம். ஏழு ஆண்டுகள் கழித்தும் அது எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

டெரி டியரி எழுதி, மார்ட்டின் பிரவுன் படம் வரைந்து 1993 முதல் வெளிவந்த நூல்வரிசைதான் இதற்கு அடிப்படை. தொலைக்காட்சி வடிவம் 2009இல் தொடங்கியது. முதல் ஐந்து பருவங்கள் 2013 வரை வந்தன; 2010இல் பிரிட்டிஷ் காமெடி விருதுகளில், பெரியவர்களுக்கான நிகழ்ச்சிகளோடு போட்டியிட்டுச் சிறந்த துணுக்கு நாடக நிகழ்ச்சிக்கான விருதையும் வென்றது. சிறுவர் நிகழ்ச்சி ஒன்று அவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறை. கிரெக் ஜென்னர் என்ற வரலாற்றாய்வாளர் உடனிருந்து தகவல்களைச் சரிபார்த்தார் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். அந்த உழைப்பு இல்லாவிட்டால் எலியின் பலகைக்கு மதிப்பு இருந்திருக்காது.

இதன் உத்தி எளிமையானது. குழந்தைகளுக்கு ஏற்கெனவே பழகிப்போன தொலைக்காட்சி வடிவங்களான சமையல் போட்டி, செய்தியறிக்கை, விளம்பரம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு அவற்றுக்குள் வரலாற்றைத் திணிக்கிறார்கள். வடிவம் தெரிந்ததாகவும் உள்ளே இருப்பது மட்டும் புதியதாகவும் இருப்பதால், குழந்தையின் கவனம் முழுவதும் புதியதன்மீதே விழுகிறது. லாரன்ஸ் ரிக்கார்டு நடிக்கும் பாப் ஹேல் என்ற செய்தியாளர் இதற்கு நல்ல சான்று. இங்கிலாந்தின் அரியணைக்காக 1455இல் தொடங்கிய ரோஜாப்பூப் போர்களை அவர் மூச்சு விடாமல், படங்களைக் காட்டிக்காட்டி, தாமே குழம்பிப்போகும் அளவுக்கு விவரிப்பார். அந்தக் குழப்பமே பாடம். யார் அரசர் என்பது அந்தக் காலத்தவருக்கும் எளிதில் விளங்கியிருக்காது என்பதை எந்தப் பாடநூலும் இவ்வளவு நேர்மையாகச் சொல்லி நான் கண்டதில்லை.

உரோமாபுரிச் சலவைக்காரர்கள் துணி வெளுக்கச் சிறுநீரைப் பயன்படுத்தினார்கள் என்பது என் மகளுக்குத் தெரியவந்த அன்று, வழக்கம்போலப் பலகை உயர்ந்தது. பழைய சிறுநீரில் உண்டாகும் அம்மோனியா அழுக்கைக் கரைக்கும் என்று தேடிப் படித்துச் சொன்னேன். உடன் இருந்த என் தாயார், ஊரில் வெளுப்பதற்கு உவர்மண் பயன்பட்டதை நினைவுகூர்ந்தார். இரண்டிலும் வேலை செய்வது காரம்தான் என்பது அன்று சமையலறையில் விளங்கியது. ஒரு அசிங்கமான நகைச்சுவையிலிருந்து இந்த இடத்துக்கு வர எங்களுக்குப் பத்து நிமிடங்கள்கூட ஆகவில்லை. ஆனால் அந்தப் பத்து நிமிடங்கள் தொடரில் இல்லை. அவற்றைப் பெற்றோர்தான் சேர்க்க வேண்டும்.

அடுத்து, பாட்டுகள். பெரும்பாலானவை ரிச்சி வெப் இசையமைத்தவை. ஒவ்வொன்றும் ஏதேனும் ஒரு பாடகரின் அல்லது இசைக்குழுவின் பாணியைப் பகடி செய்யும். இரண்டாம் சார்லஸ் மன்னராக வரும் மேத்யூ பேன்டன் எமினெமின் ராப் பாணியில், மன்னராட்சி நீக்கப்பட்டிருந்த கிராம்வெல் காலத்தில் முடங்கிக் கிடந்த கொண்டாட்டங்களைத் தாம் திரும்பக் கொண்டுவந்த கதையைப் பாடுகிறார். எண்பதுகளின் ஆங்கிலப் பாப் இசையை அறியாத எனக்குப் பாதிப் பகடிகள் பிடிபடவில்லை என்றாலும், பாட்டு நிற்பதற்கு மூலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. முதலாம் வில்லியம் தொடங்கி இரண்டாம் எலிசபெத் வரை எல்லா ஆட்சியாளர்களையும் வரிசையாகச் சொல்லும் பாட்டை என் பிள்ளைகள் ஒரே வாரத்தில் மனப்பாடம் செய்துவிட்டார்கள். நிகண்டையே செய்யுளாக்கிச் சிறுவர்களுக்கு உருப்போட வைத்த மரபில் வந்த நமக்கு இதில் வியப்பில்லை. சந்தத்தில் ஏறியது நாவை விட்டு இறங்காது.

இறங்காது என்பதே ஒரு சிக்கலும்கூட. மகன் ஏழாம் வகுப்பில் 1066ஆம் ஆண்டைப் படித்தபோது, ஹேஸ்டிங்ஸ் போரில் இங்கிலாந்து அரசர் ஹெரால்டை நார்மண்டியின் வில்லியம் ஏன் வென்றார் என்று தேர்வில் கேட்டிருந்தார்கள். அவன் ஹெரால்டுக்கு முன்னும் பின்னும் வந்தவர்களைப் பிழையின்றி எழுதிவிட்டு, கேட்ட கேள்விக்கு இரண்டு வரிகளே எழுதியிருந்தான். வடக்கே ஸ்டாம்ஃபர்டு பிரிட்ஜில் நார்வே அரசரை முறியடித்த களைப்போடு ஹெரால்டின் படை மூன்று வாரத்துக்குள் தெற்குக்கு விரைந்தது, வில்லியத்திடம் குதிரைப்படை இருந்தது, புறமுதுகிட்டதாகப் பாசாங்கு செய்ததாகச் சொல்லப்படும் தந்திரம் என எழுதுவதற்கு எவ்வளவோ இருந்தன. பாட்டு வரிசையைத் தரும், காரணத்தைத் தராது. இதைத் தொடரின் குறையென்று சொல்வதைவிட, அதனிடம் நான் அதிகம் எதிர்பார்த்தேன் என்று சொல்வதே சரி.

உண்மையான குறைகளும் உண்டு. எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவியர் பற்றிப் பள்ளிகளில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் ‘மணவிலக்கு, சிரச்சேதம், மரணம்’ என்ற வாய்ப்பாட்டைத் தொடரும் அப்படியே பாட்டாக்கியிருக்கிறது. அரகானின் கேத்தரினுக்கும் கிளீவ்ஸின் ஆனுக்கும் நடந்தது மணவிலக்கு அன்று. அந்தத் திருமணங்கள் தொடக்கம் முதலே செல்லாதவை என்று அறிவிக்கப்பட்டன. சிறு வேறுபாடுதானே என்று தோன்றலாம். ஆனால் போப்பாண்டவரோடு ஹென்றி முறித்துக்கொண்டதே அந்தச் சிறு வேறுபாட்டின்மீதுதான்.

இதைவிடப் பெரியது மேரி சீகோல் பற்றிய துணுக்கு. ஜமைக்காவில் பிறந்த சீகோல், கிரிமியப் போரில் செவிலியராகச் செல்ல விரும்பி இலண்டனில் மறுக்கப்பட்டு, சொந்தப் பணத்தில் போர்முனைக்குப் போனவர். மறுப்புக்குத் தம் நிறம் காரணமோ என்று 1857இல் வெளியான தன்வரலாற்றில் அவரே ஐயுற்றிருக்கிறார். துணுக்கோ, அவரை நிறம் காரணமாக ஒதுக்கியவர் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் என்று காட்டியது. நைட்டிங்கேல் அப்படிச் செய்ததற்குச் சான்றில்லை என்று முறையீடு எழுந்து, அந்தத் துணுக்கு தகவல் துல்லியம் பற்றிய விதியை மீறியதாக, பிபிசியை அன்று மேற்பார்வையிட்ட பிபிசி அறக்கட்டளையின் குழு 2014இல் முடிவு செய்தது. நகைச்சுவைத் துணுக்கு என்ற வடிவத்தின் அடிப்படைக் கோளாறு இதில் வெளிப்படுகிறது. அலுவலகங்களும் நேர்காணல் குழுக்களும் சேர்ந்து செய்த அநீதியை மேடையில் காட்ட இருவர் எதிரெதிரே நிற்க வேண்டியிருக்கிறது. உடனே அமைப்பின் குற்றம் ஓர் ஆளின் குற்றமாகச் சுருங்கிவிடுகிறது. பிள்ளைகளுக்கு இதை விளக்கியபோது, “அப்போ எலியும் பொய் சொல்லுமா?” என்று மகள் கேட்டாள். பொய் சொல்லவில்லை, தவறாக நம்பிவிட்டது என்றேன். அன்றிலிருந்து எலியை நோக்கியும் பலகை உயரத் தொடங்கியது.

பேரரசைப் பற்றிய பகுதி எனக்கு நெருக்கமானது என்பதால் சற்று நின்று சொல்கிறேன். நான்கு ஜார்ஜ் மன்னர்களையும் இளைஞர் பாடகர் குழுவாக்கிய பாட்டு அருமையானது. இரண்டாம் ஜார்ஜ் 1760இல் கழிப்பறையில் உயிரிழந்தார் என்பது என் பிள்ளைகளுக்குத் தலைகீழ்ப் பாடம். அவர் ஆட்சியில்தான் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்ததும், திருச்சிராப்பள்ளியைச் சுற்றி ஆங்கிலேய, பிரெஞ்சு வணிகக் கம்பெனிகள் மோதியதும், பிளாசிப் போரும் நடந்தன. அந்தக் கலகலப்பில் அவற்றுக்கு இடமில்லை. மாறாக, விக்டோரியா அரசியாரிடம் அவருடைய பணியாள், ஆங்கிலேயருடையவை என்று நீங்கள் பெருமைப்படும் தேநீரும் சர்க்கரையும் பருத்தியும் வேறு நாடுகளிலிருந்து வந்தவை, அவற்றுள் சில அடிமைகளின் உழைப்பால் வந்தவை என்று எடுத்துச்சொல்லும் பாட்டு ஒன்று உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் வெளியேறிய 2020 ஜனவரியில் அதை மீண்டும் வெளியிட்டபோது சிலர் கொதித்தார்கள்.

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்த என் தாயார் அந்தப் பாட்டைக் கேட்டபோது சிரிக்கவில்லை. தன் பூட்டியின் தலைமுறையினர் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்துவந்த கதையையும், வழியில் விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே விடப்பட்டதையும் சொன்னார். “அவங்க வந்தது கோப்பிக்கு. கோப்பியில நோய் விழுந்த பிறகுதான் தேயிலை,” என்றார். பேரப்பிள்ளைகளின் கைகள் தாமாகவே உயர்ந்தன. “எங்கம்மா சொன்னது. அவங்களுக்கு அவங்க அம்மா சொன்னது,” என்று பதில் வந்தது. வாய்மொழிச் சான்று என்றால் என்ன என்று மகனுக்கு நான் தனியாக விளக்கவேண்டி இருக்கவில்லை.

தொடங்க விரும்புவோருக்கு: ஏழு வயதுக்குக் கீழ் வேண்டாம். தலை வெட்டும் காட்சிகளைவிட, மரணம் ஆளுருவில் வரவேற்பறை போட்டு அமர்ந்து, இறந்து வந்தவர்களிடம் ‘எப்படி இறந்தாய்’ என்று கேட்கும் பகுதிதான் என் மகளுக்கு முதலாண்டில் தூக்கத்தைக் கெடுத்தது. முதல் ஐந்து பருவங்களின் நடிகர் குழுவுக்கு இணை இல்லை. 2015இல் மீண்டும் தொடங்கிய தொடர் பெரும்பாலும் ஒரே ஆளையோ ஒரே கருப்பொருளையோ சுற்றி வருவதால், பள்ளிப் பாடத்தோடு சேர்த்துப் பார்க்க அதுவே வசதி. பிள்ளைகளை மட்டும் விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம் என்று எண்ணினால் பயன் பாதியாகிவிடும்.

ஆட்சியாளர் பாட்டு 2022 செப்டம்பரோடு காலாவதியாகிவிட்டது. மகள் கடைசியில் மூன்றாம் சார்லஸுக்காக ஒரு வரி சேர்த்துப் பாடுகிறாள். அது மெட்டுக்குள் அடங்கவில்லை என்று மகன் ஒவ்வொரு முறையும் ஆட்சேபிக்கிறான்.