78,500 ரூபாய்க்கு ஒரு ‘பர்மா தேக்கு’ பீரோ: பழைய மரச்சாமான் வாங்குவோருக்கு எச்சரிக்கை

நேற்று மாலை எங்கள் ஆசாரி பீரோவின் பின்பலகையைக் கழற்றிக் காட்டியதிலிருந்து எனக்கு வேறு எந்த வேலையும் ஓடவில்லை. நூறாண்டுப் பழமை, செட்டிநாட்டு வீட்டுப் பொருள், முழுவதும் பர்மா தேக்கு என்றெல்லாம் சொல்லி என் தலையில் கட்டிய அந்தப் பீரோவுக்கு நான் கொடுத்தது 78,500 ரூபாய். வண்டி வாடகையும் ஏற்றி இறக்கிய கூலியும் தனி. பழைய பீரோ, பெட்டகம், இழுப்பறை மேசை என்று தேடி அலைகிறவர்கள் என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்பதை வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நடந்ததைக் கொட்டித் தீர்க்காமல் எனக்கு அறிவுரை எழுத வரவில்லை.

எங்கள் வீட்டு இரும்பு பீரோ 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூன்று நாள் தண்ணீரில் நின்றது. அதன்பின் எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் அடித்தட்டிலிருந்து துரு மேலேறிக்கொண்டே இருந்தது. அம்மா விட்டுச்சென்ற பட்டுப் புடவைகளில் இரண்டில் துருக்கறை ஏறியதைக் கண்ட அன்று, இனி மரப் பீரோதான் என்று முடிவு செய்தேன். இப்போது கடைகளில் புதிதாக விற்பவற்றில் பெரும்பாலானவை மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகை. ஈரம் பட்டால் ஊதிவிடும். வைரம் பாய்ந்த பழைய தேக்கில் கரையானும் எளிதில் ஏறாது, பூச்சியும் எளிதில் விழாது என்பதால் பழைய சாமான் தேடிப் போனேன்.

நான் போனது நெடுஞ்சாலையோரம் தகரக் கூரை போட்ட ஒரு பழைய மரச்சாமான் கிடங்கு. பெயர் சொல்லப் போவதில்லை. உள்ளே சாய்த்து வைத்திருந்த தூண்களும் நிலைக்கதவுகளும் ஊஞ்சல் பலகைகளும் அசல் பழசுதான். இன்றைக்கும் அதை மறுக்க மாட்டேன். நான் ஏமாந்ததற்கு அதுவும் ஒரு காரணம். சுற்றிலும் நிற்பவை உண்மையாக இருக்கும்போது நடுவில் நிற்கும் ஒன்றை மட்டும் சந்தேகிக்க யாருக்குத் தோன்றும்?

கடைக்காரர் சொன்ன கதையிலும் குறை காண முடியவில்லை. பர்மாவில் லேவாதேவி நடத்திய நகரத்தார் கப்பல் கப்பலாகத் தேக்கு இறக்கிக் காரைக்குடியைச் சுற்றிப் பெரிய வீடுகளைக் கட்டியதும், 1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்ததும் அந்தத் தொழில் நொறுங்கியதும், பல பங்காளிகளுக்குப் பொதுவாகிப் பூட்டிக் கிடந்த வீடுகளில் சில பின்னாளில் பிரிக்கப்பட்டு, அவற்றின் தூணும் கதவும் பாத்திரமும் பழம்பொருள் கடைகளுக்கு வந்ததும் ஊரறிந்தவை. அந்த வரலாற்றை அப்படியே ஒப்பித்துவிட்டு, “இது 1920 வாக்கில் ரங்கூன் மரத்தில் செஞ்சதுக்கா” என்று பீரோவைத் தட்டிக் காட்டினார். நான் முதலில் கேட்டது ஒரு பெட்டகம். புடவை வைக்கப் பெட்டகம் சரிப்படாது, குனிந்து குனிந்து எடுக்க வேண்டியிருக்கும் என்று அக்கறையோடு பேசி என்னைப் பீரோவின் பக்கம் திருப்பியவரும் அவர்தான்.

நான் கவிழ்ந்த இடம் எதுவென்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். உள்ளே போய் ஒரு பித்தளைச் சாவியைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தார். அதில் மஞ்சள் தோய்த்த நூல் ஒன்று, நிறம் மங்கி, மூன்று முடிச்சுகளோடு கட்டியிருந்தது. “ஆச்சி முடிஞ்சுவிட்ட நூலுக்கா, நான் இன்னும் அவிழ்க்கலை, நீங்களும் அவிழ்க்காதீங்க” என்றார். எங்கள் அம்மாவும் பீரோச் சாவியில் இப்படித்தான் மஞ்சள் நூல் கட்டி வைத்திருந்தார். அதற்குப் பிறகு நான் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தது பேருக்குத்தான். அடியில் பார்க்கவில்லை, பின்பக்கம் பார்க்கவில்லை. சுவரோடு ஒட்டி நிறுத்தியிருந்த பீரோவை ஓர் அடி முன்னால் இழுக்கச் சொல்லவும் இல்லை.

விலை 85,000 என்றவர், ரொக்கமாகக் கொடுத்தால் 6,500 குறைப்பதாகச் சொன்னார். முன்பணம் 10,000 மட்டும் கைப்பேசி வழியாகப் போயிற்று; மீதி 68,500 ரூபாயை வங்கியில் எடுத்து நோட்டாக எண்ணிக் கொடுத்தேன். பில் கேட்டபோது துண்டுத்தாளில் ‘பழைய மர பீரோ 1’ என்று மட்டும் எழுதி நீட்டினார். தேக்கு என்றும் ஆண்டு இன்னதென்றும் எழுதித் தரச் சொன்னதற்கு, நூறு வருடத்துக்கு மேற்பட்டது என்று எழுதினால் தொல்பொருள் சட்டத்தில் உங்களுக்குத்தான் சிக்கல் வரும் என்று என்னையே பயமுறுத்தினார். 1972ஆம் ஆண்டின் சட்டம் நூறாண்டு கடந்த தொல்பொருட்களைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதைத் தடுக்கிறது என்பது உண்மை. உள்ளூரில் விற்கும் பீரோவின் பில்லில் ‘தேக்கு’ என்று எழுதக் கூடாதென்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இதை வீட்டுக்கு வந்து படித்துத் தெரிந்துகொண்டேன். வாங்குவதற்கு முன்னால் படித்திருக்க வேண்டும்.

தை மாதம் வாங்கினேன். பங்குனியில் ஒரு காலை கதவைத் திறந்தபோது அம்மாவின் அரக்கு நிறப் பட்டின் மடிப்பில் முகப் பவுடர் சிந்தியது போல் சிறு குவியல்கள் இருந்தன. தொட்டால் மாவாக நழுவியது. துடைத்துவிட்டேன், மறுநாள் அதே இடத்தில் புதிதாக விழுந்திருந்தது. மேல்தட்டின் அடிப்பக்கத்தில் கைப்பேசி விளக்கை அடித்துப் பார்த்தால் குண்டூசி குத்தியது போல் எண்ண முடியாத துளைகள்.

அன்றே கடைக்காரரைக் கூப்பிட்டேன். வாங்கும்வரை ‘அக்கா’ என்றவர், பூச்சி என்றதும் ‘மேடம்’ என்றார். மரம் என்றால் பூச்சி வரத்தான் செய்யும், மண்ணெண்ணெய் தடவுங்கள் என்றார். புடவை வைக்கும் தட்டில் மண்ணெண்ணெய்! மறுவாரம், உங்கள் வீட்டுச் சுவரில் ஈரம் இருக்கும் என்றார். பிறகு படங்கள் அனுப்பினேன். பார்த்ததற்கான நீலக் குறி விழுந்தது, பதில் வரவில்லை. நேரில் போனால் முதலாளி மதுரைக்குச் சரக்கு எடுக்கப் போயிருப்பதாகக் கடைப்பையன் சொன்னான்; அடுத்த முறை போனபோதும் அவர் மதுரையில்தான் இருந்தார். மூன்றாம் முறை ஆளைப் பிடித்தேன். ஒரு மரக்குதிரைப் பொம்மைக்குப் பின்னால் தொங்கிய அட்டையைக் காட்டி, பழைய பொருளுக்கு உத்தரவாதம் கிடையாது என்று எழுதியிருக்கிறதே, படிக்கவில்லையா என்று கேட்டார். கடைசியில் ஏதோ தருமம் செய்பவர் போல், வண்டிச் செலவை நானே ஏற்றுக் கொண்டுவந்தால் 15,000 ரூபாய்க்குத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். 78,500 ரூபாய் வாங்கியவர் பேசும் பேச்சு இது.

நேற்று வந்த ஆசாரி எங்கள் வீட்டுக்கு இருபது ஆண்டுகளாக வேலை செய்கிறவர். பீரோவைப் புரட்டிப் போட்டு, பக்கப் பலகையின் உள்விளிம்பில் உளியால் ஒரு நகக்கண் அளவு சீவினார். கரும்பழுப்புச் சாயத்துக்குக் கீழே வெளேரென்று இருந்தது. “ரப்பர் கட்டைம்மா. மருந்துல ஊற வைக்காம விட்டா பூச்சிக்கு விருந்துதான்” என்றார். அந்த மரத்தில் மாவுச்சத்து மிகுதி என்பதால் பூச்சி அதைத் தேடி வந்து தின்னுமாம். ரப்பர் மரத்தில் பீரோவும் கட்டிலும் செய்வது பரவியதே 1980களுக்குப் பிறகுதான். 1920இல் அது எப்படி வந்தது? பின்பலகை சாயம் பூசிய பிளைவுட். கதவுச் சட்டம் மட்டும் நிஜத் தேக்கு, ஏதோ பழைய சன்னலிலிருந்து அறுத்தெடுத்தது. நான் தட்டிப் பார்த்ததும் முகர்ந்து பார்த்ததும் அதைத்தான். முன்பே இருந்த பூச்சித் துளைகளில் மெழுகும் மரத்தூளும் குழைத்து அடைத்து மேலே பாலிஷ் ஏற்றியிருந்தார்கள். கீல்களில் இருந்தவை ஸ்டார் ஸ்குரூ. அந்தத் தலை கொண்ட திருகுக்கு அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்ததே 1936இல். பழுது பார்த்தபோது மாற்றியிருக்கலாம் என்று விட்டுவிடலாம்தான், ஆனால் பழைய திருகு இருந்த துளையின் தடம் கூட அங்கே இல்லை. பித்தளைக் கைப்பிடியைப் புளி போட்டுத் தேய்த்ததும் கருமை முழுவதும் கழன்று புத்தம் புதிதாகப் பளபளத்தது.

சரி, சொல்ல வந்த அறிவுரைகள். பீரோவைச் சுவரிலிருந்து இழுக்கச் சொல்லி முதுகையும் அடியையும் பாருங்கள். இழுப்பறையை முழுவதும் வெளியே எடுத்து அதன் அடிப்பலகையில் கை வையுங்கள். கையால் இழைத்த பழைய பலகையில் இழைப்புளி ஓடிய மேடுபள்ளம் விரலுக்குத் தட்டுப்படும், பல்லாண்டு இழுத்து மூடிய ஓரம் தேய்ந்திருக்கும். துளை இருந்தால் அடியில் வெள்ளைத் தாளை விரித்துப் பலகையைத் தட்டுங்கள். வெளிர்நிற மாவு கொட்டினால் பூச்சி உள்ளே உயிரோடு இருக்க வாய்ப்பு அதிகம். கூலி கொடுத்தாவது ஓர் ஆசாரியைக் கூட்டிப் போங்கள். எனக்கு அது 1,000 ரூபாயில் முடிந்திருக்கும். மரத்தின் பெயர் இல்லாத பில்லை வாங்காதீர்கள். ரொக்கம் வேண்டாம். என் 78,500 ரூபாயில் நான் கொடுத்ததாக நிரூபிக்க முடிவது 10,000 மட்டுமே. இன்னும் நிறைய எழுத நினைத்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான் வருகிறது.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட்டால் போதும் என்கிறார்கள். வங்கியில் பணம் எடுத்த சீட்டு, வாட்ஸ்அப் செய்திகள், சீவிய பலகையின் படங்கள் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். எந்தக் கிடங்கு என்று தனிச்செய்தியில் கேட்க வேண்டாம், வழக்கு முடியும்வரை சொல்ல மாட்டேன். பூச்சி அரித்த தட்டிலிருந்து எடுத்த புடவைகளை இன்று மொட்டைமாடி நிழலில் ஒவ்வொன்றாக உதறிப் போட்டிருக்கிறேன்; இருட்டுவதற்குள் போய் எடுக்க வேண்டும்.