மகமையா, சங்கமா, கம்பெனியா? நெல்லைச் சீமை வியாபாரிகளுக்கு ஓர் ஒப்பீடு

திருநெல்வேலி டவுன் ரதவீதிகளில் எண்பது கடைக்காரர்கள் ஒன்றுகூடினால், "சங்கம் ஆரம்பிச்சிருவோம் அண்ணாச்சி" என்று ஒருவர் சொல்வார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். என்ன வேலைக்காகச் சங்கம் என்று யாரும் கேட்பதில்லை. வினை அங்கேதான் தொடங்குகிறது.

வியாபாரிகள் கூடிச் செய்யும் வேலை நாலு வகை. அதிகாரிகளிடம் பேசுவது ஒன்று. தண்ணீர்ப் பந்தல், தெருவிளக்கு, பள்ளிக்கூடம் என்று ஊருக்குச் செலவழிப்பது இன்னொன்று. சரக்கைச் சேர்ந்து வாங்குவதும் விற்பதும் மூன்றாவது. ஊர்ப் பெயரில் ஓடும் பண்டத்தைப் போலியிலிருந்து காப்பது நாலாவது. இந்த நாலுக்கும் ஒரே பாத்திரம் பொருந்தாது. நம் வட்டாரத்தில் கைவசம் உள்ளவை மகமை நிதி, பதிவு பெற்ற சங்கம், கூட்டுறவுச் சங்கம், உற்பத்தியாளர் கம்பெனி. நாலையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

மகமை: வசூலில் இதை வெல்ல ஆளில்லை

மூட்டைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று சரக்கின் மேலேயே ஒரு சிறு தொகையைப் பிடித்துப் பொதுப் பெட்டியில் போடுவது மகமை. 19-ஆம் நூற்றாண்டில் தென்மாவட்ட நாடார் வணிகர்கள் இதைக் கொண்டு பேட்டைகளும் (சரக்கு வண்டிகள் தங்கும் இடங்கள்) பள்ளிகளும் நடத்தினார்கள். விருதுநகரில் 1889-இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை அப்படி எழுந்தது. அப்போது திருநெல்வேலி ஜில்லாவில் இருந்த தூத்துக்குடியில் 1921-இல் நாடார் வங்கியாகத் தொடங்கி, இன்று தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கியாக இருப்பதும் அதே வணிகச் சமூகத்தின் கூட்டு முயற்சிதான்.

மாதச் சந்தாவோடு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எண்பது கடை, மாதம் 100 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 96,000. ஆனால் வசூலிக்க ஒருவர் கடை கடையாக நடக்க வேண்டும். "முதலாளி வெளியே போயிருக்காவ", "அடுத்த மாசம் சேர்த்து வாங்கிக்கிடுங்க" என்று ஆறாவது மாதத்துக்குள் பாதிக் கடை பாக்கியில் நிற்கும். பெட்டிக்கடைக்கும் மொத்தக் கடைக்கும் ஒரே 100 ரூபாய் என்ற மனத்தாங்கல் வேறு. அதே தெருவில் நாளொன்றுக்கு 300 மூட்டை இறங்குகிறது, மூட்டைக்கு 2 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 600, 300 வேலை நாளுக்கு 1,80,000. இறக்குகூலிச் சிட்டையிலேயே எழுதிவிடலாம், வசூலுக்கு ஆளே வேண்டாம். அதிகம் விற்பவர் அதிகம் கொடுப்பார், மந்தமான மாதத்தில் யாருக்கும் பாரமில்லை.

குறை எங்கே? பணம் இரண்டு பெரியவர்கள் பெயரில் சேமிப்புக் கணக்கில் கிடக்கும். அவர்களில் ஒருவர் இறந்தால், வாரிசு கையெழுத்து இல்லாமல் வங்கி மேலாளர் காசை விடமாட்டார். வட்டி வருமானம் அந்தத் தனி ஆளின் பான் எண்ணில் ஏறும், வருமான வரி நோட்டீசும் அவர் வீட்டுக்கே போகும். மகமை பெரும்பாலும் உறவின்முறைக்குள், அதாவது ஒரே சாதியாரின் ஊர் அமைப்புக்குள், நின்றது என்பதும் உண்மை. இன்றைய தெருவில் எல்லாரும் இருக்கிறார்கள், ஒரு சாதியார் பெட்டியில் மற்றவர் காசு போடமாட்டார். இன்னொன்று: மகமையை வியாபாரி தன் லாபத்திலிருந்து கொடுக்க வேண்டும். விவசாயியின் விற்பனைப் பட்டியலில் 'மகமை' என்று ஒரு வரி எழுதிப் பிடித்தால் அது வேறு சங்கதி. அதனால் சண்டை வந்தால் நியாயம் விவசாயி பக்கம்தான்.

பதிவு பெற்ற சங்கம்: பேசத் தெரியும், பிழைக்கத் தெரியாது

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி ஏழு பேர் போதும். சங்க விவரக் குறிப்பு, துணைவிதி, அலுவலக முகவரிக்கான சான்று, ஏழு பேரின் அடையாளச் சான்று ஆகியவற்றோடு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். செயற்குழுவில் குறைந்தது மூவர் வேண்டும். அதன் ஆயுள் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, தணிக்கை செய்த கணக்கைப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும்.

இதன் பலம் பேச்சு. கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் தனி ஆள் கொடுக்கும் மனுவும், பதிவு எண்ணும் தீர்மான நகலும் இணைத்துச் சங்கம் கொடுக்கும் மனுவும் ஒன்றல்ல. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகள் சங்கங்களுக்கும் சந்தைச் சங்கங்களுக்கும் இடமுண்டு. அதே குழுவில் தெருவோர வியாபாரிகளின் பங்கு 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஆனித் தேரோட்டத்துக்கு முன்னால் ரதவீதியில் தள்ளுவண்டி எங்கே நிற்பது, கடை வாசல் எவ்வளவு தூரம் என்று தகராறு வருமே, அதைப் பேசித் தீர்க்க அமைந்த மேசை அதுதான். கடைக்காரர் சங்கம் "அவங்களை அப்புறப்படுத்துங்க" என்ற ஒற்றைக் கோரிக்கையோடு போனால் வெறுங்கையோடு திரும்பும். வண்டி நிற்க மாற்று இடம் காட்டும் வரைபடத்தோடு போனால் காரியம் நடக்கும்.

சங்கங்கள் சாவது பெரும்பாலும் ஒரே நோயால். தேர்தல் நடக்கும், புதுத் தலைவருக்கு மாலை போடுவார்கள், ஆனால் நிர்வாகிகள் மாறியதைச் சொல்லும் படிவம் 7-ஐத் தாக்கல் செய்யமாட்டார்கள். பதிவாளர் ஏட்டில் பழைய செயலாளரே இருப்பார். வங்கியில் கையெழுத்து மாற்றப் போனால் பதிவாளர் அலுவலக நகல் கேட்பார்கள், இருக்காது, கணக்கு முடங்கும். இதற்குள் மனக்கசப்பில் பழைய செயலாளர் இன்னொரு பெயரில் போட்டிச் சங்கம் பதிந்திருப்பார். ஒரே தெருவுக்கு இரண்டு சங்கம், இரண்டு லெட்டர்பேட். அதிகாரிகளுக்கு இதைவிட வசதி வேறில்லை.

இரண்டாவது நோய், சங்கப் பெயரில் வியாபாரம் செய்வது. "மொத்தமாக வெல்லம் வாங்கிப் பிரிச்சுக்கிடுவோம்" என்று ஆரம்பிப்பார்கள். சங்கத்துக்குப் பங்கு மூலதனம் கிடையாது, லாபத்தைப் பிரித்துக் கொடுக்கவும் முடியாது. உறுப்பினருக்குக் குறிப்பிட்ட சேவை செய்து வாங்கும் கட்டணத்தை வருமான வரிச் சட்டம் தொழில் வருமானமாகவே எடுத்துக்கொள்ளும். ஆண்டு வரவு 20 லட்சத்தை நெருங்கினால் ஜிஎஸ்டி பதிவுக் கேள்வியும் சேர்ந்து வரும். இதையெல்லாம்விடப் பெரிய ஆபத்து கடன் பாக்கி. சரக்கை எடுத்தவர் காசு தராவிட்டால், அவரே செயற்குழுவில் உட்கார்ந்திருப்பார், யார் கேட்பது?

கூட்டுறவுச் சங்கம்

1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டப்படி குறைந்தது 25 பேர் வேண்டும். ஆளுக்கு ஒரு ஓட்டு. அரசுக் கொள்முதலும் தள்ளுபடியும் மலிவுக் கடனும் உள்ள தொழில்களுக்கு, முக்கியமாகக் கைத்தறிக்கு, இன்றும் இதுவே சரி. நூல் வாங்குவதும் 1935-இலிருந்து இருக்கும் கோ-ஆப்டெக்ஸ் வழியாக விற்பதும் இந்த அமைப்பில் ஏற்கெனவே பாதை போட்டவை. ஆனால் பதிவாளரின் கை நீளம். நிர்வாகக் குழுவைக் கலைக்கலாம், தேர்தல் நடக்காத காலத்தில் தனி அலுவலர் வந்து உட்காரலாம். சந்தை விலை மணிக்கு மணி மாறும் காய்கறிக்கும் பழத்துக்கும் கோப்பு நகரும் வேகம் ஒத்துவராது.

உற்பத்தியாளர் கம்பெனி: பலமும் அதிகம், செலவும் அதிகம்

பொருளை விளைவிப்பவர்களும் செய்பவர்களுமே பங்குதாரர்களாக இருக்கும் கம்பெனி இது. பத்து உற்பத்தியாளர்கள் சேர்ந்தால் பதியலாம். இயக்குநர்கள் ஐந்திலிருந்து பதினைந்து வரை. முழுநேரத் தலைமைச் செயல் அலுவலர் கட்டாயம். பதிவான 90 நாளுக்குள் முதல் பொதுக்குழு. பங்கு எவ்வளவு இருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான். கொடுத்த சரக்கின் அளவுக்கு ஏற்ப ஆண்டு முடிவில் ஊக்கத்தொகை பிரிக்கலாம், சங்கத்தால் முடியாத காரியம் இது. விவசாயி மட்டுமல்ல, கைத்தறி, கைவினை, குடிசைத் தொழில் செய்பவரும் இதில் உற்பத்தியாளரே. ஆனால் வாங்கி விற்பதை மட்டும் செய்யும் மண்டி வியாபாரிக்கு இங்கே இடமில்லை. ரதவீதி கடைக்காரர்கள் இந்தத் தலைப்பைத் தாண்டிப் போய்விடலாம்.

புளியங்குடி எலுமிச்சைக்கும் ஆலங்குளம் தக்காளிக்கும் இதுவே பொருத்தம். கோடையில் எலுமிச்சை விலை ஏறும், மழைக்காலத்தில் படுக்கும். தக்காளி எல்லார் வயலிலும் ஒரே வாரத்தில் பழுத்தால் பறிகூலிக்கும் கட்டாது. தனி விவசாயி அன்றைக்கே மண்டியில் போட்டாக வேண்டும். கம்பெனி தரம் பிரித்து, ஒரு பங்கை வெளியூருக்கு அனுப்பி, ஒரு பங்கை ஊறுகாய்க்காரருக்கு ஒப்பந்தத்தில் கொடுக்க முடியும்.

2020-இல் மத்திய அரசு தொடங்கிய 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புத் திட்டத்தில் சமவெளிக்குக் குறைந்தது 300 உறுப்பினர். உறுப்பினர் போடும் பங்குக்கு ஈடாக ஆளுக்கு 2,000 ரூபாய் வரை, கம்பெனிக்கு மொத்தம் 15 லட்சம் வரை மானியம். அதாவது 750 பேர் ஆளுக்கு 2,000 போட்டால்தான் முழுத் தொகையும் வரும். 300 பேர் என்றால் 6 லட்சத்தோடு சரி. நிர்வாகச் செலவுக்கு மூன்று ஆண்டில் 18 லட்சம் வரை. மாதத்துக்குப் பிரித்தால் 50,000. செயல் அலுவலர் சம்பளம், கணக்கர், வாடகை, ஆடிட்டர் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். மூன்று ஆண்டு முடிந்ததும் அந்த 50,000-ஐ வியாபாரமே ஈட்ட வேண்டும். சரக்கில் 2 சதவீதம் மிஞ்சுகிறது என்றால் மாதம் 25 லட்சம் ரூபாய்க்கு விற்றாக வேண்டும். இந்தக் கணக்கைப் பதிவுக்கு முன்னாலேயே போடுவது நல்லது. உரம், விதை விற்று மட்டும் இந்த எண்ணைத் தொடுவது கஷ்டம்.

கணக்கைத் தாமதமாகத் தாக்கல் செய்தால் கம்பெனிப் பதிவாளரிடம் படிவத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் தண்டம். இரண்டு படிவம், ஓராண்டு மறந்தால் 73,000. வியாபாரமே நடக்காத கம்பெனிக்கும் இது பொருந்தும்.

சரக்கு கை நழுவுவது இன்னொரு பெரிய சிக்கல். கமிஷன் மண்டிக்காரர் விதைப்புக்கும் வீட்டுக் கல்யாணத்துக்கும் முன்பணம் கொடுத்திருப்பார், கடன் அங்கே இருக்கச் சரக்கு இங்கே வராது. கம்பெனி தொடங்கிய மாதத்தில் மண்டியில் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடுதலாகத் தருவார்கள், கம்பெனி படுத்ததும் பழைய விலைக்குப் போவார்கள். இந்தச் சீமைக்கு இது புதிதல்ல. வ.உ.சி. 1906-இல் 25 ரூபாய்ப் பங்குகள் நாற்பதாயிரம், மொத்தம் 10 லட்சம் மூலதனம் என்று சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தூத்துக்குடியில் எழுப்பியபோது, எதிரிக் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கித்தான் மோதியது. அரசின் அடக்குமுறையும் சேர, 1911-இல் கம்பெனி கலைந்தது. விலைப்போரைத் தாங்கச் சுழல்நிதி வேண்டும். பத்து நாள் கொள்முதலுக்கு ரொக்கம் கொடுக்கும் அளவாவது கையில் இல்லாமல் கடையைத் திறக்கக் கூடாது.

ஊர்ப் பெயரைக் காப்பது யார் கையில்?

இங்கே மட்டும் சங்கத்துக்கு முதல் இடம். ஊர்ப் பெயரில் ஓடும் பண்டத்துக்குச் சட்டக் காப்புத் தரும் புவிசார் குறியீட்டுக்குத் தனி ஆள் விண்ணப்பிக்க முடியாது, உற்பத்தியாளர்களைப் பிரதிநிதிக்கும் அமைப்பே விண்ணப்பிக்க வேண்டும். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு உற்பத்தியாளர் சங்கத்தின் முயற்சியால் 2020-இல் குறியீடு கிடைத்தது. பத்தமடைப் பாய்க்கும் குறியீடு உண்டு. பதிவு பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. யாருக்கும் விற்கவோ மாற்றிக் கொடுக்கவோ முடியாதது.

சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டுவதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஒவ்வொரு உற்பத்தியாளரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிய வேண்டும். அதற்கான கட்டணம் 2020-இல் 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைந்தது, காசு ஒரு தடையல்ல. விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்த செய்முறையை உறுப்பினர்களே கடைப்பிடிக்கிறார்களா என்று பார்க்க ஆய்வுக்குழு வேண்டும். வெல்லத்துக்குப் பதில் குளுக்கோஸ் பாகு சேர்க்கும் ஒருவரை உள்ளேயே வைத்துக்கொண்டு வெளியூர்ப் போலியை எதிர்த்து வழக்குக்குப் போனால், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அவர் கடை மிட்டாயைத்தான் எடுத்து மேசையில் வைப்பார்.

யாருக்கு எது

கடைத்தெரு வியாபாரிகளுக்கு: பதிவு பெற்ற சங்கம், ஆனால் வருமானத்துக்கு மகமை முறை. மூட்டை இறங்காத ஜவுளிக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் ஷட்டரின் அகலத்தை வைத்து மூன்று அடுக்குச் சந்தா போடலாம். சங்கத்தின் பெயரில் பான் எண், மூவரில் இருவர் கையெழுத்திட்டால் செல்லும் வங்கிக் கணக்கு, காலாண்டுக்கு ஒருமுறை தெருமுனைப் பலகையில் வரவு செலவு. வியாபாரம் வேண்டாம்.

கடலை மிட்டாய், பாய், கருப்பட்டி மாதிரித் தொழில்களுக்கு இரண்டு அமைப்பு வேண்டும். பெயரும் தரமும் சங்கத்திடம், வெல்லமும் கோரையும் வாங்குவது கம்பெனியிடம். ஒரே ஆள் இரண்டுக்கும் தலைவராக இருந்தால், தரமில்லாத சரக்கைக் கம்பெனி விற்கும்போது சங்கம் கண்ணை மூடிக்கொள்ளும். ஆகையால் கம்பெனி இயக்குநர் எவரும் ஆய்வுக்குழுவில் இருக்கக் கூடாது என்று துணைவிதியை முதலில் எழுதும்போதே சேர்த்துவிடுங்கள். பின்னால் திருத்த வேண்டுமென்றால் பொதுக்குழுவில் சிறப்புத் தீர்மானம் தேவைப்படும், அன்றைக்குக் கை தூக்க வேண்டியவர்கள் அந்த இயக்குநர்களின் மைத்துனர்களாக இருப்பார்கள்.