அழகுக்கோரை என்று 40 தொட்டி களையை விற்றுவிட்டார்கள்

இன்று காலை கடைசித் தொட்டியையும் கவிழ்த்துப் பார்த்தாயிற்று. நிலத்தில் இறக்கிய 6 உட்பட மொத்தம் 40. நாற்பதிலும் வேரில் கறுப்புக் கிழங்கு. எரிச்சல் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

கேட்டது கேரெக்ஸ் ஓஷிமென்சிஸ் என்ற அழகுக்கோரை, அதில் ‘எவர்கோல்டு’ ரகம். இலையின் நடுவில் வெண்ணெய் நிறப் பட்டை, இரு ஓரமும் பச்சை. ஒரு முழத்துக்குள் அடங்கி, தூர் கட்டி, வளைந்து விழும். அரைநிழலில் பாதையோரம் 30 செ.மீ. இடைவெளியில் வைக்க ஏற்ற செடி. விற்றவர், பல பேர் கடை விரித்திருக்கும் ஓர் இணையத் தளத்தில் செடி விற்பவர். பெயர் வேண்டாம்.

நம்பியது எந்த இடத்தில் தெரியுமா? பணம் கட்டும் முன் வீடியோவில் ஒரு பூந்தண்டை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே உருட்டிக் காட்டினார். “மூணு பட்டை இருக்கு பாருங்க சார். புல்லுன்னா தண்டு உருண்டையா, கணு கணுவா, உள்ள வெத்தா இருக்கும். இது கெட்டியா இருக்கு. அசல் கோரைக் குடும்பம்.” ஒவ்வொரு சொல்லும் சரி. மயங்கியதும் அதனால்தான். முக்கோணத் தண்டு அந்தக் குடும்பத்தில் பெரும்பாலானவற்றுக்குப் பொது. வயலில் மண்டும் கோரைக்கிழங்குச் செடிக்கும் அதே மூன்று பட்டைதான். தெரிந்திருந்தும் கோட்டை விட்டேன். 40 தொட்டிக்கான முழுப் பணமும் அப்போதே போய்விட்டது.

பெட்டி வந்தபோது இலையெல்லாம் விரல் நீளத்துக்கு வெட்டியிருந்தது. வழியில் வாடாமல் இருக்கவாம். பிரித்த தூரில் இலையைக் கொஞ்சம் குறைப்பது வழக்கம்தான், அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஆனால் ‘எவர்கோல்டு’ இலையில் பட்டை நீளவாக்கில் ஓடும். எவ்வளவு குட்டையாக வெட்டினாலும் மிச்சமிருக்கும் கட்டையில் தெரிந்தாக வேண்டும். இங்கே எல்லாம் ஒரே பச்சை.

அப்புறம் சமாளிப்புகள். முதலில், “புது இலை வரட்டும், மூணு வாரம் பொறுங்க.” புது இலையும் வந்தது, பளபளவென்று முழுப்பச்சையாக. அடுத்து, “நிறம் திரும்பியிருக்கும் சார்.” அது நடக்கக்கூடியதுதான். பட்டையுள்ள தூரில் ஒன்றிரண்டு பச்சைத் தளிர் கிளம்பும், அடியோடு பிய்த்தெடுக்காவிட்டால் மற்றதை அமுக்கிவிடும். ஆனால் 40 தொட்டியும் சேர்ந்தாற்போல் திரும்பாது. திரும்பினாலும் வேரில் கிழங்கு முளைக்காது!

மூன்றாவதுதான் உச்சம்: “கோரை தண்ணிச் செடி, தட்டுல தண்ணி நிறுத்தி வைங்க.” குடைக்கோரைக்கும் பாப்பிரஸுக்கும் அது சரி. குடைக்கோரையின் தலையைக் கொஞ்சம் தண்டோடு வெட்டித் தண்ணீரில் தலைகீழாகப் போட்டாலே வேர் விடும். ஓஷிமென்சிஸ் அந்த ரகமில்லை. ஈரம் காயக்கூடாது, தண்ணீரும் தேங்கக்கூடாது. தேங்கினால் தூரின் நடு அழுகும்.

தளத்தில் புகார் கொடுத்தால், திருப்பி அனுப்பும் கெடு 7 நாள், அது முடிந்துவிட்டதாம். மூன்று வாரம் பொறுக்கச் சொன்னது எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது. மேற்கொண்டு கேட்டதற்குப் பதிலே இல்லை. 40 தொட்டிப் பணம், ஒரு தொட்டிக்குக்கூடத் திரும்பவில்லை.

வேரைக் கழுவிப் பார்த்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. கம்பி மாதிரி ஒரு வேர்த்தண்டு, அதில் மணி கோர்த்தாற்போல் கிழங்குகள். கறுத்த தோல், நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளை, நாட்டுமருந்து வாசனை. முத்தக்காசு என்கிற கோரைக்கிழங்கு இதுதான். ஓஷிமென்சிஸுக்குக் கிழங்கே கிடையாது. அடர்ந்த நார்வேரும் குட்டையான அடித்தண்டும் மட்டுமே இருக்கும்.

பணத்தைவிட வயிற்றெரிச்சல் மண்ணில் இறங்கிய அந்த 6 தான். பிடுங்கினால் இலை மட்டும் கையோடு வரும். கொத்திக் கிளறினால் சங்கிலி அறுந்து ஒவ்வொரு கிழங்கும் தனித்தனியாக முளைக்கும். பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டாலும் குத்திக்கொண்டு வெளியே வரும். சுற்றிலும் ஒரு முழம் தள்ளி, 30 செ.மீ. ஆழத்துக்குத் தோண்டி, மண்ணைச் சலித்து எடுக்க வேண்டும். விட்டுப்போனது மறுபடி தலைகாட்டும், அதையும் தோண்ட வேண்டும்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமையில்லை. தண்டை உருட்டிக் காட்டினால் வேரைக் கழுவிக் காட்டச் சொல்லுங்கள். பட்டை ரகத்தை விதையாக விற்றால் தொடாதீர்கள், விதையில் பட்டை வராது, தூர் பிரித்துத்தான் பெருக்க வேண்டும். பெட்டி வந்த அன்றே ஒரு தொட்டியைக் கவிழ்த்துவிடுங்கள், பொறுக்கச் சொன்னால் பொறுக்காதீர்கள். கிழங்கு இருந்தால் உரக்குழியில் மட்டும் போட்டுவிடாதீர்கள், அங்கேயும் முளைக்கும்.